கைத்தொழிலின் சிக்கல், பல்கலைக்கழகத்தின் விடை: நடுவில் என்ன நடக்க வேண்டும்?

நீண்ட மேசை, இரண்டு கோப்புகள், பின்னால் வரிசையாக நின்று புன்னகைக்கும் பத்துப் பேர். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையே புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது என்ற செய்தியோடு இப்படியான படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. வாசித்து முடித்தவருக்கு எழும் கேள்வி நியாயமானது: சரி, இனி என்ன நடக்கும்? யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் சின்ன உற்பத்திச்சாலை நடத்தும் ஒருவர் இதனால் என்ன பெறுவார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குப் போனால் யாரைக் கேட்பது? காசு கேட்பார்களா? பெடியள் படித்துப் பழகத் தன்னுடைய தொழிலையா கொடுப்பது? எதையாவது கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பது இதில் மிக இலகுவான வேலை. முதலாளியின் முறைப்பாட்டை, ஒரு மாணவரோ விரிவுரையாளரோ விடை தேடக்கூடிய கேள்வியாக மாற்றுவதுதான் கடினம். அந்த இடத்தில்தான் பெரும்பாலான இணைப்புகள் அறுந்துபோகின்றன.

## யார் எங்கே இருக்கிறார்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கியது. 1979 ஜனவரியிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. விஞ்ஞானம், முகாமைத்துவம், கலை ஆகிய பீடங்கள் திருநெல்வேலியில் இருக்கின்றன. பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகிய மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல்.

இந்தத் தூரம் அற்ப விடயம்போலத் தெரியும். ஆனால் இயந்திரம் பழுதாகிறது, உணவு கெடுகிறது, குளிரூட்டி மின்சாரத்தை விழுங்குகிறது என்று வருகிறவருக்குத் தேவையான துறைகள் பெரும்பாலும் கிளிநொச்சியில்தான் இருக்கின்றன. திருநெல்வேலி வாசலில் விசாரித்துவிட்டு, "அது இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர் இரண்டாம் தடவை வருவது சந்தேகம். இரசாயனம், கணினி, கணக்கு, சந்தைப்படுத்தல் என்றால் திருநெல்வேலியிலேயே ஆட்கள் உண்டு.

அரச பல்கலைக்கழகங்களில் இந்த வேலைக்கென்றே பல்கலைக்கழக வணிக இணைப்பு அலகு என்ற அலுவலகம் இருக்கிறது. வழக்கில் யூ.பி.எல். அலகு என்பார்கள். உலக வங்கி 2017இல் அங்கீகரித்த, அஹெட் என்று அழைக்கப்பட்ட 10 கோடி டொலர் உயர்கல்வித் திட்டம் இந்த அலகுகளுக்கும், சந்தைக்கு ஏற்ற ஆய்வுகளுக்கும் ஊக்கம் கொடுத்தது. அந்தத் திட்டக் காலம் முடிந்துவிட்டது. வெளிப்பணம் நின்ற பிறகு அலகின் வேலை எவ்வளவு நடக்கிறது என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

மறுபக்கத்தில் கைத்தொழில். இணைப்புப் பற்றிய கூட்டங்களில் எடுத்துக்காட்டப்படுகிறவை எல்லாம் பெரிய இடத்துக் கதைகள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 1951இல் தன் காணியிலேயே அமைத்த கைத்தொழில் பூங்கா ஒன்று. நம் நாட்டில் என்றால், 2008இல் அரசாங்கமும் சில முன்னணிக் கொம்பனிகளும் சேர்ந்து தொடங்கிய ஸ்லின்ரெக் நானோ தொழினுட்ப நிறுவனம். இவற்றில் பணம் போட்ட கொம்பனிகளிடம் ஆய்வு என்றால் என்னவென்று தெரிந்த ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் நிலைமை வேறு. அரிசி ஆலை, நல்லெண்ணெய்ச் செக்கு, பனம்பொருள், மிளகாய்த்தூள், நண்டு பதனிடல், ஐஸ் ஆலை, அச்சகம், தளபாடம், சின்னச் சின்ன மென்பொருள் நிறுவனங்கள். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளிதான் கணக்காளர், அவரேதான் கொள்வனவு, அவரேதான் தரக்கட்டுப்பாடு. ஆய்வு பற்றிப் பல்கலைக்கழகத்துடன் பேச அங்கே தனியாக ஓர் ஆள் கிடையாது. நாடு முழுவதும் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவாவதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம்தான் என்னும்போது, இந்தச் சின்ன இடங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

## வழி ஒன்றல்ல, ஐந்து

"பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்கிறோம்" என்று சொல்லும்போது ஐந்து வெவ்வேறு காரியங்களில் எதைச் சொல்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலம் வேறு, செலவு வேறு, பொறுப்பு வேறு.

1. பரிசோதனைச் சேவை. ஒரு மாதிரியைக் கொடுத்து அளந்து தரச் சொல்வது. கிணற்றுத் தண்ணீரின் வன்மை, மாவின் ஈரம், எண்ணெயின் அமிலத்தன்மை என்று எதுவும் ஆகலாம். நாட்கணக்கில் முடியும். சின்ன உற்பத்தியாளர்களில் பாதிப் பேருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதற்குப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. ஓர் எச்சரிக்கை: ஏற்றுமதிக்கோ தரச் சான்றிதழுக்கோ தேவைப்படும் அறிக்கை என்றால், அந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்திலிருந்து வர வேண்டும். மாணவர் ஆய்வுகூடத்தின் பெறுபேறு உள்வீட்டு முடிவுகளுக்கு உதவும், சுங்கத்தில் செல்லாது.

2. உள்ளகப் பயிற்சி. மாணவர் சில வாரங்களோ மாதங்களோ நிறுவனத்தில் இருப்பது. இதன் நோக்கம் மாணவர் பழகுவது. சிக்கல் தீர்ந்தால் அது மேலதிக லாபம். பயிற்சிக்கு வந்தவரிடம் கோப்பு அடுக்கக் கொடுத்துவிட்டு "பல்கலைக்கழகப் பிள்ளைகளால் பிரயோசனம் இல்லை" என்று சொல்வோரும் உண்டு.

3. இறுதியாண்டுச் செயற்றிட்டம். மாணவர் தனியாகவோ குழுவாகவோ இரண்டு அரையாண்டுகள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. விரிவுரையாளர் மேற்பார்வை செய்வார். நிறுவனத்துக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் ஆய்வு இது. பொறியியல் மாணவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: இலங்கை 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடானது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் ஏற்பாடு அது. அதன்படி, பட்டதாரி சிக்கலான, விடை முன்கூட்டியே தெரியாத பிரச்சினைகளைக் கையாளப் பழகியிருக்க வேண்டும். அத்தகைய பிரச்சினைகள் பாடப் புத்தகத்தைவிடத் தொழிற்சாலையில்தான் அதிகம்.

4. ஆலோசனைப் பணி. விரிவுரையாளர் தன் அனுபவத்தை வைத்து, கட்டணத்துக்கு, தெரிந்த விடையைச் சொல்வது. புதிய ஆய்வு எதுவும் இல்லை. கட்டணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

5. கூட்டு ஆய்வு. யாருக்கும் விடை தெரியாத கேள்வி. ஆண்டுக்கணக்கு. முதுகலை மாணவர்கள், மானியம், ஆக்கவுரிமை (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) என்று எல்லாம் வரும்.

குழப்பம் பெரும்பாலும் எப்படி வருகிறதென்றால், முதலாளி ஒன்றாம் வழிக்கு உரிய சிக்கலோடு வருகிறார். பல்கலைக்கழகம் ஐந்தாம் வழியில் பேசத் தொடங்குகிறது. அவர் கேட்டது ஒரு வாரத்தில் ஓர் எண். கிடைப்பது மானிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் கடிதம்.

## மழைக்கு இளகும் பனங்கட்டி

முறைப்பாடு எப்படிக் கேள்வியாகிறது என்பதை ஒரு பொருளை வைத்துப் பார்க்கலாம். பனங்கட்டி உற்பத்தி செய்கிறவரின் முறைப்பாடு இப்படித்தான் வரும்: "தம்பி, ஐப்பசி, கார்த்திகையிலே குட்டானுக்குள்ளேயே இளகிக் கசியுது. கடைக்காரர் திருப்பி அனுப்பிறார்."

இதை அப்படியே ஒரு மாணவரிடம் கொடுத்தால், டொக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்ன மாதிரி. மாணவர் இணையத்தில் தேடி, நல்ல பொதியிடல் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். முதலாளிக்கு அது முன்பே தெரியும்.

இளகுவதன் பின்னால் இருக்கும் இரசாயனம் இது. பனங்கட்டி காய்ச்சும் பனஞ்சாறான கருப்பநீரில் உள்ள சர்க்கரையில் பெரும்பங்கு சுக்குரோசு. மரத்தில் கட்டிச் சாறு சேர்க்கும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது நுண்ணுயிர்களை அடக்கி வைக்க. சுண்ணாம்பு குறைந்தாலோ, மரத்திலிருந்து இறக்கி அடுப்பேற்றத் தாமதமானாலோ சாறு புளிக்கத் தொடங்கும், அமிலத்தன்மை ஏறும். அமிலமும் சூடும் சேர்ந்தால் சுக்குரோசு குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் உடையும். உடைந்த சர்க்கரை நன்றாக இறுகாது. புரக்டோசு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பைக் கூட்டிவிட்டால் சரிதானே என்றால், அளவு மீறினால் நிறம் கறுக்கும், ருசி கெடும்.

ஆக, கார்த்திகையில் தெரியும் சிக்கல் பல மாதங்களுக்கு முன் முட்டியிலேயே தொடங்கியிருக்கலாம். அல்லது பாகைப் பதத்துக்கு முன்னாலேயே இறக்கியிருக்கலாம். அல்லது பொருள் நன்றாகவே இருந்து, களஞ்சியம் சரியில்லாமல் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் விலை கூடிய பொதியிடல் இயந்திரம் வாங்கினால், உள்ளே கெட்ட சரக்கு வெளியே அழகாக இருக்கும்; அவ்வளவுதான்.

இப்போது கேள்வியை இப்படி எழுதலாம்:

1. முட்டி இறக்கும்போதும் அடுப்பேற்றும்போதும் ஒவ்வொரு தொகுதியிலும் பி.எச். பெறுமானம் என்ன? (பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. 7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்.)
2. அந்தந்தத் தொகுதியில் வந்த பனங்கட்டியில் ஈரம் எத்தனை வீதம், உடைந்த சர்க்கரை எத்தனை வீதம்?
3. எல்லாத் தொகுதியையும் 75 வீத ஈரப்பதனுள்ள பெட்டியில் வைத்தால் எது எத்தனை நாளில் இளகுகிறது?

மூன்றாவதற்குப் பெரிய உபகரணம் தேவை என்று பயப்பட வேண்டியதில்லை. சாதாரண உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, இன்னும் கொஞ்சம் அடியில் கிடக்கும்படி ஒரு பாத்திரத்தில் விட்டு, காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தால், பெட்டிக்குள் இருக்கும் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தில் தானாக நிற்கும். உடைந்த சர்க்கரையை அளக்க உணவு இரசாயனம் படிக்கும் மாணவர் செய்து பழகும் வழமையான நியமிப்பு முறை (ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளப்பது) போதும். ஈரத்துக்கு ஓர் அடுப்பும் தராசும். இது இறுதியாண்டு மாணவர் ஒருவரால் முடிகிற வேலை. முடிவும் முதலாளிக்கு உதவும் வடிவில் வரும்: பி.எச். இவ்வளவுக்குக் கீழே இறங்கிய சாற்றைப் பனங்கட்டிக்குப் போடாதே, பாணியாக்கு.

கவனியுங்கள், இதில் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; சர்க்கரை உடைவது பற்றி உலகம் முழுக்கத் தெரியும். தெரியாதது இந்த உற்பத்தியாளரின் முட்டியில், இந்த அடுப்பில், இந்த ஆட்களின் கையில் எந்தக் கட்டத்தில் பிழை நடக்கிறது என்பதுதான்.

பனம்பழம் வேறு கதை. அதன் களியில் உள்ள கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்ற சபோனின் வகைச் சேர்மம் என்பதையும், நரிஞ்சினேஸ் என்ற நொதியம் கொண்டு அந்தக் கசப்பைக் குறைக்கலாம் என்பதையும் இலங்கை ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுகூடத்தின் ஒரு கண்ணாடி முகவைக்குள் நடந்தது நூறு லீற்றர் தொட்டியில், கட்டுப்படியாகும் விலையில், ஒவ்வொரு தடவையும் ஒரே ருசியில் நடக்க வேண்டும். இது ஒரு மாணவரின் இரண்டு அரையாண்டுக்குள் அடங்காது. இதற்குத்தான் ஐந்தாவது வழி. நாசா உருவாக்கிய தொழினுட்பத் தயார்நிலை அளவுகோலில் 1 முதல் 9 வரை படிகள் உண்டு: 1 என்றால் அடிப்படைக் கொள்கை தெரியும், 9 என்றால் உண்மையான பாவனையில் நிரூபணமாகிவிட்டது. பல்கலைக்கழக ஆய்வு பொதுவாக 3, 4ஆம் படிகளில் நின்றுவிடும். முதலாளி 8, 9ஐ எதிர்பார்க்கிறார். நடுவிலுள்ள படிகளுக்கு யார் காசு போடுவது என்பதுதான் எல்லா நாட்டிலும் உள்ள பழைய தலையிடி.

## ஆய்வே தேவையில்லாத சிக்கல்கள்

ஐஸ் ஆலை அல்லது அரிசி ஆலை நடத்துபவர் மின்பட்டியல் கூடிவிட்டது என்று முறையிட்டால், சூரிய மின்கலம் பற்றிப் பேசுவதற்கு முன் பட்டியலை வாசிக்க வேண்டும். 42 கே.வீ.ஏ.க்கு (மின் இணைப்பின் கொள்ளளவை அளக்கும் அலகு) மேற்பட்ட இணைப்புள்ள கைத்தொழில் பாவனையாளர், பாவித்த அலகுகளுக்கு மட்டுமல்லாமல், அந்த மாதத்தில் எட்டிய உச்ச மின்தேவைக்கும் கட்டணம் செலுத்துகிறார். அந்த உச்சம் கே.வீ.ஏ.யில் அளக்கப்படுகிறது. மோட்டர்கள் அதிகமுள்ள இடத்தில் வலுக்காரணி (கிலோவாற்றுக்கும் கே.வீ.ஏ.க்கும் உள்ள விகிதம்) குறைவாக இருக்கும். உண்மையில் வேலை செய்யும் கிலோவாற்றைவிடக் கே.வீ.ஏ. கூடிக் காட்டும்.

உதாரணக் கணக்கு: ஆலைக்குத் தேவை 80 கிலோவாற்று. வலுக்காரணி 0.7 என்றால் மானியில் ஏறத்தாழ 114 கே.வீ.ஏ. கொள்ளளவிகளை (கப்பாசிற்றர்களை) பொருத்தி 0.95க்குக் கொண்டுவந்தால் 84. மோட்டர் அதே வேலையைச் செய்கிறது. மாதாமாதம் 30 கே.வீ.ஏ.க்கான கட்டணம் மிச்சம். மின்பொறியியல் விரிவுரையாளர் ஒருவருக்கு இது ஒருநாள் வேலை. இதை இறுதியாண்டு ஆய்வாக எழுதினால் பரீட்சகர் புள்ளி போடமாட்டார்; எல்லாருக்கும் தெரிந்த விடை. ஆகவே நாலாவது வழி.

இன்னும் சில சிக்கல்களுக்குப் பல்கலைக்கழகமே பிழையான வாசல். உருக்கி ஒட்டியது விடுகிறது, இயந்திரம் அதிர்கிறது என்றால் தேவை நல்ல தொழினுட்பவியலாளர். அறிவியல் நகரிலேயே 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் அப்படியானவர்களைத்தான் உருவாக்குகிறது.

அப்புறம், தொழினுட்பச் சிக்கல் என்று முதலாளி நினைப்பதில் பல உண்மையில் கணக்குச் சிக்கல்கள். வீட்டோடு சேர்ந்த உற்பத்தியில் குடும்பத்தாரின் உழைப்பும், விறகும், திரும்பி வந்த சரக்கும் அடக்கவிலையில் சேர்வதில்லை. விலை தெரியாமல் விற்றுவிட்டு "மெசின் பத்தாது" என்று கடன் எடுக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க முகாமைத்துவ பீடத்து மாணவர் இரண்டு பேர் ஒரு மாதம் கொப்பியோடு உட்கார்ந்தால் போதும். இணைப்புப் பேச்சில் பொறியியலும் கணினியும் மட்டும் வருவதும், கணக்குப் படிக்கும் பிள்ளைகள் மறக்கப்படுவதும் எனக்கு விளங்காத விடயம்.

## இரண்டு நாட்காட்டிகள்

பல்கலைக்கழகத்தின் ஓர் அரையாண்டுக்கு 15 வாரங்கள். அப்புறம் பரீட்சை, விடுமுறை. செயற்றிட்டத் தலைப்பைத் தெரிவு செய்யும் காலம் ஆண்டில் ஒருமுறைதான் வரும். அந்தக் கிழமைகளைத் தவறவிட்டால் அடுத்த அணி மாணவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் வந்து நாட்காட்டி பலதடவை இழுபட்டது எல்லாருக்கும் தெரியும்.

கைத்தொழிலுக்கு வேறு நாட்காட்டி. கறுத்தக்கொழும்பான் காய்க்கிற காலத்தில்தான் மாம்பழச் சிக்கலைப் பார்க்க முடியும். கருப்பநீர் இறங்கும் பருவத்தில்தான் முட்டியை அளக்க முடியும். மாணவர் தலைப்பு எடுத்து, மேற்பார்வையாளர் அனுமதித்து, இரசாயனம் வாங்குவதற்கு அரச பெறுகை நடைமுறைப்படி விலைமனு கோரி, பொருள் வந்து சேர்வதற்குள் பருவம் முடிந்துவிடும். பிறகு சந்தையில் வாங்கிய பனங்கட்டியை வைத்து ஆய்வு எழுதப்படும். அதில் பட்டம் கிடைக்கும். முட்டியில் என்ன நடந்தது என்பது தெரியாது.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பருவம் சார்ந்த சிக்கல்களின் பட்டியலை ஓர் ஆண்டு முன்னதாகவே எடுத்து வைப்பது. முதலாளி தான் செய்யக்கூடிய அளவீட்டை, உதாரணமாகத் தினமும் பி.எச். தாளால் பார்த்துக் கொப்பியில் எழுதுவதை, மாணவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். ஒரு பருவத்துக் கொப்பி கையில் இருந்தால் மாணவரின் முதல் அரையாண்டு மிச்சம்.

## கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இலங்கையில் இதற்கு அடிப்படை. விண்ணப்பித்த திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு ஆக்கவுரிமை நிலைக்கும். வேலை ஒப்பந்தத்தின் கீழ் செய்த கண்டுபிடிப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும் என்பது பொது விதி.

விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். மாணவர் ஊழியர் அல்ல. இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் பெரிய தகராறாகலாம். சம்பளம் வாங்காத மாணவர் யோசித்து எடுத்த ஒன்றைக் கொம்பனி தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதற்கு, கைச்சாத்திட்ட தாள் ஒன்று வேண்டும். அதை வேலை தொடங்குவதற்கு முன் எழுத வேண்டும். பொருள் விற்கத் தொடங்கிய பிறகு எழுதப் போனால் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும்.

மற்றது, வெளியீடு. விரிவுரையாளரின் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைகளில் தங்கியிருக்கிறது. மாணவர் ஆய்வேட்டை ஒப்படைத்து, பரீட்சகர் முன் பேச வேண்டும். முதலாளிக்கோ பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியக்கூடாது. இரண்டும் நியாயமே. வழமையான இணக்கம்: தொழில் இரகசியமான அளவுகளையும் பெயரையும் ஆய்வேட்டில் மறைத்தல், ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், விண்ணப்பம் போகும்வரை வெளியீட்டைச் சில மாதங்கள் தள்ளிவைத்தல். இலங்கைச் சட்டம், கண்டுபிடித்தவரே வெளியிட்ட தகவலுக்கு ஓராண்டு சலுகை கொடுக்கிறது. ஐரோப்பாவில் அப்படி இல்லை. ஒரு மாநாட்டில் பேசிவிட்டாலே அங்கே புதுமை போய்விடும். ஏற்றுமதி நினைப்பு உள்ளவர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சின்ன உற்பத்தியாளரின் சிக்கல்களில் ஆக்கவுரிமை வரை போகக்கூடியவை மிகச் சில. பனங்கட்டிக்கும் மின்பட்டியலுக்கும் யாரும் ஆக்கவுரிமை எடுக்கப்போவதில்லை. அவற்றுக்கு இருபது பக்க உடன்படிக்கை வைத்துச் சட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால் ஆறு மாதம் போய்விடும். ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன கேள்வி, எவ்வளவு காலம், யார் என்ன தருகிறார்கள், எதை வெளியே சொல்லக்கூடாது.

## காசும் மனக்கணக்கும்

மாணவர் செயற்றிட்டம் இலவசம் என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் செலவு உண்டு: இரசாயனம், போக்குவரத்து, சாப்பாடு, மாதிரிக்கான சரக்கு. கிளிநொச்சியிலிருந்து மாணவர் வாரம் ஒருதரம் பருத்தித்துறைக்கு வந்துபோக வேண்டுமென்றால் பஸ் காசு யார் கொடுப்பது? பெரிய தொகை அல்ல. ஆனால் அதைப் பேசாமல் விட்டதால் மாணவர் மூன்றாம் வாரத்தோடு வராமல் விட்டு, தொலைபேசியில் தகவல் வாங்கி ஆய்வேட்டை முடிக்கிறார்.

முதலாளி சிறு தொகையாவது போட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காசு போட்டவர் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வி இல்லாத செயற்றிட்டம் மேற்பார்வையாளரின் மேசையில் அறுபது ஆய்வேடுகளுள் ஒன்றாகிவிடும்.

பல்கலைக்கழகப் பக்கத்திலும் ஒரு மனக்கணக்கு நடக்கிறது. கொக்குவிலில் உள்ள ஒரு பட்டறைக்குப் போய் வருவதில் விரிவுரையாளருக்கு ஒரு பின்னேரம் போகும். அதே நேரத்தில் வெளிநாட்டுச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதினால் பேராசிரியர் பதவிக்கான புள்ளி கிடைக்கும். பட்டறைக்குப் போவதற்கு என்ன கிடைக்கும்? தேத்தண்ணி. தொண்டு மனப்பான்மையை நம்பி ஒரு முறைமையை நடத்த முடியாது. தொழிற்சாலையில் பயன்பாட்டுக்கு வந்த தீர்வுக்குப் பதவி உயர்வில் கணிசமான மதிப்புக் கொடுக்காத வரை, ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேரின் தோளில்தான் இது ஓடும். அவர்கள் வெளிநாடு போனதும் நின்றுவிடும்.

## நடுவில் நிற்கும் ஆள்

பிரித்தானியாவில் 1975இலிருந்து நடக்கும் ஓர் ஏற்பாடு இங்கே நினைக்கத் தக்கது. தொடக்கத்தில் போதனைக் கொம்பனித் திட்டம் என்று பெயர். 2003இலிருந்து அறிவுப் பரிமாற்றக் கூட்டு என்று அழைக்கப்படுகிறது. ஒரு பட்டதாரியைச் சம்பளத்துக்கு எடுத்து, ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்காக நிறுவனத்துக்குள்ளேயே இருத்துவார்கள். பல்கலைக்கழகப் புலமையாளர் அவரை மேற்பார்வை செய்வார். செலவில் ஒரு பங்கு அரசாங்கம், ஒரு பங்கு நிறுவனம். இதன் சூட்சுமம் பணத்தில் இல்லை. தினமும் தொழிற்சாலையில் நின்று, சிக்கலைக் கண்ணால் பார்த்து, அதைப் புலமையாளருக்குப் புரியும்படி சொல்லக்கூடிய ஓர் ஆள் இருக்கிறார்.

நமது யூ.பி.எல். அலகுகளின் பணிப்பாளர்கள் வழமையாக விரிவுரையாளர்களே. தங்கள் விரிவுரைகளோடு மேலதிகமாக இதையும் பார்க்கிறார்கள். அவர்களால் கூட்டம் வைக்க முடியும், கண்காட்சி நடத்த முடியும். ஒரு பட்டறையில் மூன்று நாள் நின்று, எந்தக் கட்டத்தில் சரக்கு கெடுகிறது என்று பார்க்க நேரம் கிடைக்காது. அதற்கு முழுநேர ஆள் வேண்டும். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் சில ஆண்டு வேலை பார்த்த, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஊர் ஊராகப் போகத் தயங்காத, முதலாளியோடும் பீடாதிபதியோடும் ஒரே நாளில் பேசத் தெரிந்த ஒருவர் போதும். அவர் செய்ய வேண்டிய முக்கிய வேலை மூன்று:

1. முறைப்பாட்டைக் கேட்டு, அது ஐந்து வழிகளில் எதற்கு உரியது என்று தரம் பிரித்தல். எதற்கும் உரியதல்ல என்றால் அன்றைக்கே சொல்லிவிடுதல்.
2. மாணவர் வேலைக்கு உரியதென்றால், அளக்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியாக அதை எழுதி, இரு தரப்பிடமும் ஒப்புதல் வாங்குதல்.
3. பாதி வழியில் ஒருதடவை போய்ப் பார்த்தல்.

இவற்றில் முதலாவதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. "முடியாது" என்று சொல்ல மனமில்லாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் அலுவலகத்தின் மீது முதலாளிமார் நம்பிக்கை இழக்க அதிக காலம் எடுக்காது.

## முடிவு கைக்கு வந்த பிறகு

ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல் என்று எண்பது பக்கம். ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு. முதலாளிக்கும் மரியாதைக்கு ஒன்று கொடுப்பார்கள். அது அலுமாரியில் கிடக்கும். மாணவர் பட்டம் பெற்றுக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார். முட்டியில் எவ்வளவு சுண்ணாம்பு பூசுவது என்று முடிவு செய்கிறவர் மரமேறும் தொழிலாளி. அடுப்படியில் நிற்பவர் வேறொருவர். அந்த எண்பது பக்கத்திலும் அவர்கள் இருவருக்கும் எழுதப்பட்ட வரி ஒன்றுகூட இருக்காது.

ஆய்வேட்டோடு சேர்த்து இன்னொரு தாளையும் கட்டாயமாக்கலாம்: தமிழில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், வேலை செய்கிறவர் பார்த்துச் செய்யக்கூடிய படிமுறை. எதை அளப்பது, எப்போது அளப்பது, எண் எவ்வளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது. மாணவர் அதை எழுதினால் மட்டும் போதாது. அடுப்படியில் நின்று, அவர்கள் கையால் ஒருதடவை செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். பி.எச். தாளின் நிறத்தை அதிகாலை இருட்டில் பிரித்தறிய முடியாது என்பது போன்ற விடயங்கள் அப்போதுதான் தெரியவரும். அந்த ஒரு பக்கத்துக்கும் அந்த ஒரு காலைக்கும் புள்ளித்திட்டத்தில் பத்துப் புள்ளி ஒதுக்கலாம். அதைத் தீர்மானிக்கத் துறைக் கூட்டமும் பீடச் சபையும் போதும்.